டோக்கன் நம்பரை முழுங்கும் டிவி

கேள்வி:

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது, வலது காதில் மட்டும் மிஷின் போட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப்போவது நான்தான். அங்கே ஹாலில் சுவரோடு பெரிய டிவி. காலை பத்து மணிக்கே விவாதமோ சீரியலோ அலறும். போன மாதம் நான் மருந்துக்கடை வரைக்கும் போய்விட்டு வருவதற்குள் அம்மா நம்பரைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்புறம் எனக்கு எப்படிக் கேக்கும்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். ரிசப்ஷனில், "டாக்டர் போடச் சொன்னது சார்" என்று முடித்துக்கொண்டார்கள். அம்மா இப்போதெல்லாம் அங்கே போனதும் மிஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறார். நான்தான் ரொம்பச் சிடுசிடுக்கிறேனா? இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லலாமா?

ஒரு வாசகர், திருச்சி

பதில்:

நீங்கள் சிடுசிடுக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் "நான்தான் ஓவராகப் பண்றேனோ" என்கிற சந்தேகத்தோடுதான் எழுதுகிறார்கள். காது டெஸ்ட் செய்து மிஷின் பொருத்துவது என் தொழில், இருபது வருடம் தாண்டிவிட்டது. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது டோக்கன் போனதுகூட இல்லை. அம்மா மிஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் கிளினிக்கிலும் இப்படி ஒரு டிவி நாலு வருடம் ஓடியது. காது பார்க்கிற இடத்தில்! வாங்கி மாட்டியதும் நான்தான். யாரும் வேண்டுமென்று சத்தமாக வைக்கவில்லை. காலை எட்டரைக்குப் பெருக்க வருகிற அக்கா வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்க வேண்டும் என்று 15-இல் வைப்பார். நாலு ஃபேனும் ஓட ஆரம்பித்ததும் ரிசப்ஷன் பெண் அதை 18 ஆக்குவார். பத்தரைக்கு ஹால் நிரம்பிவிடும், ஆட்கள் பேச ஆரம்பிப்பார்கள், சீரியல் பார்க்கிற யாராவது "கொஞ்சம் கூட்டி வைங்கம்மா" என்பார்கள். 24. டிவி கூடியதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள், குரல் உயர்ந்ததும் டிவி கேட்காது, மறுபடி "கூட்டி வைங்கம்மா".

பேசுகிறவர் காதில் இரைச்சல் விழுந்தால் அவர் குரல் தானாக உயரும் என்பதை 1911-இலேயே லொம்பார்ட் என்கிற பாரிஸ் காது டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். காது கேட்காதது போல நடிக்கிறவர்களைப் பிடிக்க அந்தக் காலத்தில் இது உதவியது, நிஜமாகவே கேட்காதவருக்கு எவ்வளவு இரைச்சல் விட்டாலும் குரல் உயராது அல்லவா. பரீட்சைக்காக உருப்போட்ட விஷயம். என் ஹாலிலேயே தினமும் நடக்கிறது என்று உறைக்க நாலு வருடம் ஆகியிருக்கிறது.

எப்படி உறைத்தது என்றால், ஒரு நாள் ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தூசி படாமல் இருக்க பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்டு கட்டி வைத்திருந்தார்கள். அந்த உறைக்குள்ளேயும் வால்யூமைக் கூட்டுகிற பட்டனில் அச்சு முழுக்க அழிந்து போயிருந்தது. குறைக்கிற பட்டன் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

அன்றைக்கே சத்தம் அளக்கிற மீட்டரைக் கொண்டுவந்து நடு வரிசை நாற்காலியில் வைத்தேன். ஆள் இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடும்போது 50 டெசிபல். டிவி 24-இல் ஓடும்போது 68. பதினொரு மணிக் கூட்டத்தில் 74. சாதாரணமாக நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 இருக்கும், பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். கூட்டம் போன பிறகு டிவியை நிறுத்திவிட்டு, என் ரிசப்ஷன் பெண்ணை அதே மாதிரி தொண்டை கிழிய ஒரு நம்பர் கூப்பிடச் சொன்னேன், மூன்றாவது வரிசையில் மீட்டர் 65-தான் காட்டியது. இரைச்சல் 74, கூப்பிடுவது 65. நல்ல காதுள்ளவர்களே "நம்ம நம்பரா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்துகிற ஆசிரியர் குரல் வகுப்பறை இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு நாங்களே போய் அறிவுரை சொல்வோம். சரி, ஊருக்குத்தான் உபதேசம்.

இப்போது உங்கள் அம்மா விஷயம். வயதாகிக் காது மந்தமாகும்போது சத்தம் மட்டும் குறைவதில்லை, தெளிவு முதலில் போகும். அதுவும் கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள் முதலில் போகும். ச, த, ப மாதிரி எழுத்துகள் மழுங்கி, உயிரெழுத்து மட்டும் உருண்டு வரும். நாலா ஆறா, முப்பத்தி நாலா முப்பத்தி ஆறா என்று அமைதியான அறையில் ஊகித்துவிடுவார்கள், பின்னால் ஒரு விவாத நிகழ்ச்சி ஓடினால் ஊகிக்கவும் வழி இல்லை.

"மிஷின்தான் இருக்கிறதே" என்று தோன்றும். இங்கேதான் நிறைய குடும்பங்கள் மிஷின்மேல் வீணாகப் பழி போடுகின்றன. இன்றைக்கு வருகிற காது மிஷின்கள் ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக ஓடுகிற இரைச்சலை அடையாளம் கண்டு ஓரளவு குறைத்துவிடும். ஆனால் டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொள்வது மிஷினைப் பொறுத்தவரை இரைச்சலே இல்லை, அது பேச்சு! பேச்சைத் தூக்கிக் கொடுக்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள், அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்து அந்த நாலு பேரையும் கொண்டுவந்து அம்மா காதுக்குள் உட்கார வைக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேரும். உள்காது நரம்பு பக்கம் பழுதானவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நம்மைப் போலவே, சில நேரம் நம்மைவிட மோசமாகவே உறைக்கும். இடையில் சௌகரியமாகக் கேட்கிற பகுதி ரொம்பக் குறுகிப்போயிருக்கும். பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் இது தினமும் நடப்பதுதான். "என்ன சொன்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு." சத்தமாகச் சொன்னால், "எதுக்கு இப்படிக் கத்துற?" அவர் வம்புக்குச் சொல்லவில்லை, இரண்டுமே உண்மை. அந்த ஹாலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பது அம்மாவுக்கு உடம்பு வருத்தம். கழற்றி வைக்கிறார் என்றால் அது பிடிவாதம் இல்லை.

ஆனாலும் கழற்றக் கூடாது. பைக்குள் போன மிஷின் வீட்டுக்குப் போனதும் காதுக்குத் திரும்பும் என்று நினைக்காதீர்கள், இன்றைக்குக் கிளினிக், அடுத்த மாதம் கல்யாண மண்டபம், அப்புறம் பேரன் பேத்தி வந்து கூச்சல் போடுகிற ஞாயிற்றுக்கிழமை என்று ஒவ்வொரு இடமாகக் கழற்றி, கடைசியில் அலமாரியில் டப்பாவோடு இருக்கும். அப்படி அலமாரிக்குப் போன மிஷின்களை எவ்வளவோ பார்த்துவிட்டேன். பஞ்சும் வேண்டாம். பஞ்சு கொஞ்சம்தான் தடுக்கும், அதுவும் மேல் ஸ்தாயியைத்தான் அதிகமாகத் தடுக்கும், அம்மாவிடம் ஏற்கெனவே குறைந்துபோனதும் அதேதான். தவிர, டோக்கன் கூப்பிடுவது கேட்கவில்லை என்பதுதானே பிரச்சினை, காதை அடைத்துவிட்டு அதை எப்படிக் கேட்பது?

மாற்ற வேண்டியது நாற்காலி. பெரும்பாலான மிஷின்கள் முகம் பார்க்கிற திசையில் இருந்து வரும் சத்தத்துக்கு முன்னுரிமை கொடுக்கும். ஹாலில் எல்லா நாற்காலியும் டிவியைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள், ஆகவே மிஷினும் டிவியையே கவனிக்கும். அம்மாவை டிவிக்கு முதுகு காட்டி, கவுன்டரைப் பார்த்தபடி, முடிந்தால் கவுன்டருக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். முழுசாகத் திரும்பி உட்கார முடியாத இடமென்றால் மிஷின் இருக்கிற வலது காது கவுன்டர் பக்கம் வருகிற மாதிரி. கூப்பிடுகிறவர் வாயசைவு தெரிகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரைச்சலான இடத்துக்கென்று மிஷினில் தனியாக ஒரு செட்டிங் வைக்க முடியுமா என்று மிஷின் வாங்கின இடத்தில் கேளுங்கள். பல மாடல்களில் முடியும், பட்டனை ஒருமுறை அழுத்தினால் மாறிவிடும், இதற்குப் புது மிஷின் வாங்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் இடது காதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் குறை இருந்து ஒன்றில் மட்டும் மிஷின் போட்டிருப்பவர்கள் கூட்டத்தில்தான் அதிகம் தடுமாறுவார்கள். செலவு இருக்கிறது, தெரியும். அவசரம் இல்லை, யோசித்து வையுங்கள்.

சட்டம் கேட்டிருந்தீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடமிருக்கிறது. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது வரம்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது வெளியே தெருவில் ஹாரன் அடிப்பவரையும் ஸ்பீக்கர் கட்டுபவரையும் மனதில் வைத்து எழுதியது, ஹாலுக்குள் ஓடுகிற டிவிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கும் டாக்டருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அம்மாவை மாதாமாதம் பார்க்கிறவர் அவர். கேபிள் டிவி விதிகளிலும் விளம்பரங்கள் மிதமிஞ்சிய சத்தமாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. சீரியலில் மாமியார் மெதுவாகப் பேசுகிறார் என்று வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டு, அடுத்து வருகிற சோப்பு விளம்பரத்தில் தூக்கிப்போட்ட அனுபவம் உள்ளவர்கள் அந்த வரி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்வார்கள்.

2004-இல் அமெரிக்காவில் மிட்ச் ஆல்ட்மன் என்பவர் சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட் செய்து விற்றார். அதில் இருந்தது ஒரே வேலை, எதிரே அநேகமாக எந்த டிவி இருந்தாலும் அணைத்துவிடும். இப்போது சில போன்களிலேயே அந்த வசதி இருக்கிறது, காலேஜ் பையன்களுக்குத் தெரியும். செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

டாக்டர் ஏன் டிவி வைக்கிறார் என்பதையும் தெரிந்துகொண்டால் கேட்பது சுலபம். சும்மா உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணியைவிட நீளமாகத் தெரியும், அதனால் டிவி ஓடினால் "எவ்வளவு நேரம்மா?" என்று கவுன்டருக்கு வருகிறவர்கள் குறைவார்கள். இது எல்லாரும் சொல்லும் காரணம். வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. நிறைய கிளினிக்குகளில் டாக்டர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே ஒருவர் தன் மூலத்தைப் பற்றியோ மாதவிலக்கைப் பற்றியோ சொல்வது முதல் வரிசைக்குக் கேட்கும். டிவி அலறினால் கேட்காது. என் கிளினிக்கிலும் இதுதான் கதை, டிவியைக் குறைத்த முதல் வாரமே உள்ளே நான் பேசுவது வெளியே தெளிவாகக் கேட்கிறது என்று தெரிந்தது. கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, கதவை ஒட்டியிருந்த நாலு நாற்காலியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

ஆகவே, "டிவியை நிறுத்துங்கள்" என்று போய் நிற்காதீர்கள். பதினோரு மணிக் கூட்டத்தில் ரிசப்ஷன் பெண்ணிடமும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் பில், நடுவில் டிவி பார்க்கிற பத்துப் பேரைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது. அம்மாவோடு உள்ளே போகிறீர்கள் அல்லவா, சீட்டு எழுதி முடித்ததும் டாக்டரிடமே, அவர் தொழில் பாஷையில் சொல்லுங்கள். "டாக்டர், போன தடவை அம்மா நம்பர் கூப்பிட்டது கேட்காமல் போச்சு, ஒன்றரை மணி நேரம் சாப்பிடாம உட்கார்ந்திருந்தாங்க, சர்க்கரை இறங்கிடுமோன்னு பயந்துட்டேன்." சர்க்கரை டாக்டருக்கு இதைவிடப் பெரிய புகார் கிடையாது. ஹாலிலேயே மேஜை போட்டு பிரஷர் பார்க்கிற இடமாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம். டிவிக்கு அடியில், ஸ்டெதஸ்கோப்பில் மெல்லிய சத்தத்தைப் பிடிக்கப் பாடுபடுகிற சிஸ்டரைக் கேட்டால் அவரே உங்களுக்குச் சாட்சி சொல்வார்.

அவர் "என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும். இதைச் சொல்லுங்கள்: ரிசப்ஷன் பெண் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கத்தாமல், ஒரு நம்பர் சொல்லட்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது கேட்கிற வரைக்கும் டிவியைக் குறைத்துக்கொண்டே வரட்டும். எந்த எண்ணில் நின்றதோ அதை ஒரு சீட்டில் எழுதி ரிமோட் மேலேயே ஒட்டிவிட வேண்டியதுதான். என் ரிமோட்டில் "11-க்கு மேல் கூடாது" என்று ஒட்டியிருக்கிறது. கூட்டி வைக்கச் சொல்கிறவர்களிடம் ரிசப்ஷன் பெண் அந்தச் சீட்டைக் காட்டுகிறார், அவருக்கும் நிம்மதி, பழி எனக்கு. செய்தி சேனலாக இருந்தால் சத்தமே இல்லாமல் விட்டுவிடலாம், எப்படியும் கீழே மூன்று வரி எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது, படிக்கிறவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கும்வரைக்கும், டோக்கன் வாங்கும்போதே சிஸ்டரிடம், "அம்மாவுக்குக் காது கேட்காது, நம்பர் வந்தா கிட்ட வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி அம்மா உட்காரும் இடத்தைக் காட்டிவிடுங்கள். ஆனால் இதை அம்மாவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பலருக்கு, குறிப்பாக அம்மா வயதுப் பெண்களுக்கு, நாலு பேர் நடுவில் "காது கேட்காதவங்க" என்று சொல்லப்படுவது பிடிக்காது, அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் கேட்டது மாதிரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதிக் கவுன்டரில் கொடுத்துவிடலாம். மருந்துக்கடைக்கு டாக்டரைப் பார்த்த பிறகு போங்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். டிவியைக் கூட்டச் சொல்லிச் சண்டைக்கு வருகிறவர்களில் நிறைய பேருக்கு அம்மாவுக்கு இருக்கிற அதே குறைதான், மிஷின் மட்டும் இல்லை. அவருக்கு வசனம் கேட்கவில்லை, கூட்டினால் சத்தம் வருகிறது, தெளிவு வருவதில்லை, அதனால் இன்னும் கூட்டச் சொல்கிறார். டிவிக்கு நேர் எதிரே முதல் நாற்காலியில் இடம் பிடித்துக் கொடுத்தால் பாதி அடங்கிவிடுவார். "ஐயா, காது டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று மட்டும் அவரிடமே கேட்டுவிடாதீர்கள், மறுபடியும் சண்டைக்கு வருவார். மகனோ மருமகளோ கூட வந்திருந்தால், அவர் டாக்டர் அறைக்குள் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அவர்களிடம் சொல்லுங்கள்.